கேட்டுவிட்டு எடுத்த படம்

காசிமின் போனில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. குழாய், சமையல் மேடை, தண்ணீர் கசிந்த சுவர், டைல்ஸ் ஒட்டி முடித்தபின் அதே சுவர் என்று வரிசையாகப் போகும். மனிதர்கள் என்று தேடினால் மகள் மெஹக் பட்டம் வாங்கிய அன்று எடுத்தவை நாலைந்து தேறும். மனைவி மைமூனின் படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது கேட்டால், "அவளத்தான் தெனமும் பாக்குதேன்லா, படம் எதுக்கு?" என்பார். ஆம்பிளைகள் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு சொல்லும் பதில்கள் உண்டல்லவா, அதில் இது ஒன்று. உண்மைக் காரணம் வேறு. அது பின்னால் வரும்.

கடையநல்லூரிலிருந்து பதினேழு வயதில் பம்பாய்த் தாராவிக்கு வந்தவர். சிமெண்டு குழைத்தார், டைல்ஸ் ஒட்டினார், மேஸ்திரியானார். இப்போது ஐம்பத்து மூன்று வயதில், பழைய கூட்டாளி ஆஷிக்கையும் இன்னும் நாலு பேரையும் வைத்துக்கொண்டு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய வீடுகளின் அடுக்களைகளைப் புதுசாக்கித் தரும் கான்ட்ராக்டர். 'கான்ட்ராக்டர்' என்று சொல்வதற்கு முன்னால் தொண்டையை லேசாகச் செருமிக்கொள்வார். அந்தச் செருமலுக்குப் பின்னால் முப்பது வருஷ முதுகுவலி இருக்கிறது. சிரிக்க நினைப்பவர்கள் ஒரு நாள் அவரோடு சிமெண்டு மூட்டை தூக்கிவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அவர் வேலை செய்வதில் ஒரு தனி வழி உண்டு. ஒரு வீட்டுக்குள் முதல் நாள் நுழைந்ததும் டேப்பை எடுக்கமாட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எழுத்து அவ்வளவாக ஓடாது. அதனால் போனில் வீடியோவை ஓடவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம், "ஒவ்வொண்ணா காமிச்சுச் சொல்லிட்டே வாங்க" என்பார். எந்த டப்பா எங்கே இருக்கவேண்டும், குனிந்தால் எந்த முட்டி வலிக்கும், எந்தக் கதவு மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் எல்லாம் அவர்கள் வாயாலேயே வந்துவிடும். அதை நாலைந்து முறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேடை எத்தனை உயரம் என்று முடிவு செய்வார். மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருக்கும் அம்மிணி மாமியின் அடுக்களைக்கு அப்படி எடுத்தது பதினோரு நிமிஷம்.

மெஹக் ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சயானில் ஏறி, தாணாவில் மாறி, போக வர ரயிலில் கழிகிற நேரத்தில் வாப்பாவின் தொழிலை ஊருக்குக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள். இன்ஸ்டாகிராமில் கணக்கு திறந்தாள். முதலில் போட்ட வீடியோக்கள் ஒவ்வொன்றையும் பதினான்கு பேர் பார்த்தார்கள், அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். பிறகுதான் அந்த விவரத்தைக் கண்டுபிடித்தாள். வேலைக்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது, இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஜனங்கள் பார்ப்பார்கள். முன்னால் இருந்தது எவ்வளவு கண்ணராவியோ அவ்வளவு நல்லது.

அம்மிணி மாமியின் பதினோரு நிமிஷத்திலிருந்து மெஹக் எடுத்துக்கொண்டது நாலு விநாடி. விளக்கு ஏற்றும் மூலையில் சுவரில் படிந்திருந்த கரியைப் பெரிசாக்கிக் காட்டினாள். பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. 'யே கிச்சன் ஹை யா கோய்லே கீ கான்?' என்று தன் குரலில் ஒரு கேள்வி போட்டாள். இது அடுக்களையா, நிலக்கரிச் சுரங்கமா என்று அர்த்தம். அடுத்த நொடி புது அடுக்களை, வெள்ளை டைல்ஸ், பாட்டு. காசிம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அதை மறைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை, சிரிக்கத்தான் செய்தார்.

நாலு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் திலக் நகரிலிருந்து போன். கௌசிக் என்று ஒருவர், அங்கே ஒரு குடியிருப்பின் செயலாளர். "பாய், உங்க வீடியோ ஜபர்தஸ்த் பாய். எங்க பில்டிங்ல இருபத்தெட்டு கிச்சன் ஒரேடியா மாத்தப்போறோம். சண்டே கமிட்டி மீட்டிங். டிவில அந்த வீடியோவையே போட்டுக் காட்டறேன். அது ஒண்ணே போதும், வேலை உங்களுக்குத்தான்."

இருபத்தெட்டு அடுக்களை. காசிம் அன்றைக்கு மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆஷிக்குக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வருஷத்துக்கு அலையாமல் வேலை. அவருக்கோ, இனிமேல் யாரும் மேஸ்திரி என்று கூப்பிடமாட்டார்கள். மைமூனிடம் சொன்னபோது அவள், "மொதல்ல கெடைக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். எந்தச் சந்தோஷத்தையும் ஒருநாள் ஊறவைத்துத்தான் எடுப்பாள் அவள்.

வியாழக்கிழமை காலையில் அம்மிணி மாமியின் கணவர் பஞ்சு மாமா கூப்பிட்டார். ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "காசிம், ஒரு நடை வந்துட்டுப் போறேளா? வேலைல ஒரு கொறையும் இல்லை. அவ மூணு நாளா அடுப்பு பத்தவெக்கலை. நான் மெஸ்ஸுலேருந்து சாப்பாடு வாங்கிண்டு வரேன். உங்க வீடியோவைப் பார்த்தாளாக்கும்."

காசிம் கையிலிருந்த வேலையை ஆஷிக்கிடம் விட்டார். உடனே கிளம்பிப் போனார்.

புது மேடையின்மேல் மெஸ்ஸின் அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் உட்கார்ந்திருந்தது. அடுப்பு கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோலவே மினுமினுத்தது. அம்மிணி மாமி கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனவருக்கு, அவர் கோபமாக இல்லாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உக்காருங்கோ காசிம். ஜலம் குடிக்கறேளா?"

"மாமி, அந்த வீடியோ..."

"பார்த்தேன். பாண்டுப்ல இருக்கற என் தங்கை பொண்ணு ஹரிதா அனுப்பினா. சிரிச்ச மொகமெல்லாம் போட்டு அனுப்பினா. நம்மாத்து அடுக்களைன்னு அவளுக்குத் தெரியலை, பாவம். அப்பறம் காலண்டரைப் பார்த்துதான் தெரிஞ்சுதாம்." மாமி தம்ளரைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். "சனிக்கெழமை பஜனைக்கு வரவாள்ல ஒருத்தி கேட்டா, இந்த அடுக்களைலேயா இத்தனை வருஷமா நேவேத்யம் பண்ணித் தந்தேள்னு. விளையாட்டாத்தான் கேட்டா. நான்தான் இந்த வாரம் பஜனை வேண்டாம்னுட்டேன்."

காசிம் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் கரியை வெள்ளிக்கெழமை தவறாம தேய்ச்சிண்டாக்கும் இருந்தேன், காசிம். புளி போட்டுத் தேய்ச்சேன், சோடா உப்பு போட்டுத் தேய்ச்சேன். போகலை. என்ன பண்ணட்டும்?" என்றவர், உடனே தன்னைத்தானே திருத்திக்கொள்வதுபோல, "உங்களைக் குத்தம் சொல்லலை. மேடை என் ஒசரத்துக்கு அளவெடுத்தாப்பல இருக்கு" என்றார்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் காசிம் ஒரு மன்னிப்பு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைவரை தவணை வாங்கியிருப்பார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் மனசு அந்தக் கணக்கைத்தான் போட்டது. மூன்று நாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று போட்டது. அப்படி ஒரு கணக்கைத் தான் போட்டோம் என்பதில் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் மெஹக் வேலையிலிருந்து வந்ததும் சொன்னார். அப்போது மைமூன் வீட்டில் இல்லை. பக்கத்துச் சந்தில் பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தாள்.

"வாப்பா, நான் பேரு போடல, மூஞ்சியக் காட்டல. சப் லோக் யஹீ கர்தே ஹைன், எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. பிஃபோர் மோசமா இருந்தாத்தான் ஆஃப்டர் நல்லாத் தெரியும்" என்றாள் மெஹக். "சண்டே மீட்டிங் முடியட்டும், மண்டே எடுத்துர்றேன். மூணு நாள்ல என்ன ஆவப்போவுது?"

தான் பஸ்ஸில் போட்ட கணக்கு மகள் வாயிலிருந்து அப்படியே வந்ததும் காசிம் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "இங்க வந்து உக்காரு மக்ளே. ஒண்ணு சொல்லுதேன். உம்மாட்ட சொல்லிராத" என்று ஆரம்பித்தார்.

மெஹக்குக்கு அப்போது பத்து மாசம். பழைய சந்தில் குடியிருந்தார்கள். கழுத்தில் கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள், சந்தைச் சுற்றுவார்கள், போவார்கள். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அந்தச் சமயம் பாந்த்ரா பக்கம் ஓர் அலுவலகத்தில் தரைக்கு டைல்ஸ் போடும் வேலை காசிமுக்கும் ஆஷிக்குக்கும் கிடைத்தது. முதல் நாள் உள்ளே நுழைந்தால், வரவேற்பறைச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதில் மைமூன் இருந்தாள். சாக்கடை ஓரத்தில் குனிந்து பாத்திரம் தேய்க்கிறாள், தலைமுடி முகத்தில் விழுந்து கிடக்கிறது, பக்கத்துப் படியில் சட்டையில்லாமல் ஒரு குழந்தை. கீழே இங்கிலீஷில் ஒரு வரி. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டார். அழுக்கில் ஒரு வாழ்க்கை என்று எழுதியிருப்பதாக அவள் இந்தியில் சொல்லிவிட்டு, நன்றாக இருக்கிறதல்லவா என்ற அர்த்தத்தில் "அச்சா ஹை நா?" என்றும் கேட்டாள்.

"நாலு நாளு அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து டைல்ஸ் ஒட்டுனேன்" என்றார் காசிம். "இது எம்பொண்டாட்டின்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஆஷிக் பாத்தான், பாக்காத மாரி இருந்துகிட்டான். ஒங்க உம்மா பாத்திரம் வெளக்கி முடிச்சா, படியத் தேச்சு ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டுத்தான் உள்ள வருவா. அஞ்சு நிமிசம் கழிச்சு எடுத்திருந்தான்னா எல்லாம் பளபளன்னு இருந்திருக்கும். அவனுக்கு பிஃபோர் மட்டும் போதும்னு ஆயிட்டு. அதுல இருக்க பிள்ள நீதான்."

மெஹக் போனைக் கையில் எடுத்தாள். வீடியோவை அழித்துவிட்டு, அழிந்துவிட்டது பாருங்கள் என்று அவரிடம் காட்டினாள். காசிம் அவள் தலையில் கையை வைத்தார்.

வெள்ளிக்கிழமை கௌசிக் கூப்பிட்டார். "என்ன பாய், வீடியோவைக் காணோம்?" காசிம் உள்ளதைச் சொன்னார். வீட்டுக்காரம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, அதனால் எடுத்துவிட்டோம், புது அடுக்களையின் படங்களை மட்டும் அனுப்புகிறேன் என்றார். "பழசு இல்லாம புதுசை மட்டும் காட்டினா கமிட்டி என்னத்தை ஒத்துக்கும் பாய்? டைல்ஸ் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார். பம்பாயில் ஒருவர் 'பார்க்கறேன்' என்று சொன்னால் அதன் அர்த்தம் காசிமுக்குத் தெரியாததில்லை. அன்று ஜும்மா முடிந்து பள்ளிவாசலில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அழித்ததோடு விஷயம் முடியவில்லையே. மூன்று லட்சம் பேர் மறந்துவிடுவார்கள். பஜனைக்கு வரும் எட்டுப் பேர் மறக்கமாட்டார்கள். மாமிக்கு அந்த எட்டுப் பேர்தான் உலகம். காசிம் யோசித்துப் பார்த்து, பஞ்சு மாமாவுக்கு போன் பண்ணி ஒரு உதவி கேட்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் காசிமும் மெஹக்கும் மாட்டுங்கா வீட்டுக்குப் போனபோது கூடத்தில் எட்டுப் பெண்மணிகளும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சு மாமா, பெண்டாட்டிக்குத் தெரியாமல் முதல்முறையாக ஒரு காரியம் செய்துவிட்ட பயத்தில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மிணி மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மட்டும் தனியாக விசாரணை உண்டு என்று மாமாவுக்குப் புரிந்தது.

மெஹக் போனை டிவியில் இணைத்தாள். வெட்டாத பதினோரு நிமிஷம் ஓடத் தொடங்கியது.

பழைய அடுக்களை. மாமியின் குரல். "இது கடுகு டப்பா. கண்ணை மூடிண்டு எடுப்பேன், அதனால இங்கேதான் இருக்கணும். இந்தத் தட்டு எனக்கு எட்டாது, அவர்தான் எடுத்துத் தருவார், எடுத்துத் தந்துட்டு அதுக்கு ஒரு நாள் பூரா பெருமை அடிச்சுப்பார்." கூடத்தில் யாரோ சிரித்தார்கள். குரல் போய்க்கொண்டே இருந்தது. "இந்த மூலைல வெளக்கு. நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து சாயங்காலம் ரெண்டு திரி. இந்தக் கரிதான் பாருங்கோ, என்ன பண்ணியும் போகலை. கேவலமா இருக்கு."

படத்தில் முகம் தெரியாமல் காசிமின் குரல் வந்தது. "இது அழுக்கு இல்ல மாமி. பழைய சுண்ணாம்புச் சொவரு. வெளக்குக் கரி உள்ளுக்குள்ள எறங்கிட்டு. ஆரு தேச்சாலும் போவாது, பூச்ச உரிச்சுப் புதுசாத்தான் பூசணும். சுத்தி மத்த எடத்தப் பாருங்க, ஒரு எண்ணெப் பிசுக்கு இருக்கா? முப்பது வருசமா அடுத்தவங்க அடுக்களைக்குள்ளதான் கெடக்கேன். இம்புட்டுச் சுத்தமா நாலஞ்சுதான் பாத்திருக்கேன்." கேமரா மெல்லத் திரும்பி அடுப்படி, ஜன்னல் விளிம்பு, தொட்டியின் அடிப்பக்கம் என்று போயிற்று. எங்கும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அந்த நாலு விநாடிக்கு முன்னும் பின்னும் இவ்வளவு இருந்திருக்கிறது. வீடியோ முடிந்தபோது மாமி தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்தக் கேள்வியக் கேட்டது நான்தான். ஸாரி" என்றாள் மெஹக். கண் கலங்கியிருந்தது.

"கேள்வியென்னமோ நன்னாத்தான் இருந்தது" என்றார் மாமி. "என் அடுக்களையைப் பத்தி இல்லாம இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அழாதே கொழந்தே."

விளையாட்டாகக் கேட்டிருந்த அந்தப் பெண்மணி கொஞ்சம் நெளிந்தாள். பிறகு, "அம்மிணி, இன்னிக்கு நேவேத்யம் என்ன?" என்று கேட்டாள். அதற்குமேல் ஒரு மன்னிப்பை மாட்டுங்காவில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. மாமி எழுந்து உள்ளே போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டதும் பஞ்சு மாமா நடப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெஹக் அடுக்களை வாசலில் நின்று, "மாமி, புது கிச்சன நீங்களே காட்டுற மாதிரி ஒரு வீடியோ எடுக்கட்டுமா? வேணாம்னா வேணாம்" என்றாள்.

"இரு, புடவை மாத்திண்டு வரேன்" என்றார் மாமி.

அந்த வீடியோவை இதுவரை ஆயிரத்து நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று லட்சம் எங்கே, ஆயிரத்து நூறு எங்கே என்று மெஹக் இன்றும் முனகத்தான் செய்கிறாள். பஜனைக்காரர்களில் இரண்டு பேர் தங்கள் குளியலறையை வந்து பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கௌசிக்கிடமிருந்து செய்தி வந்தது. வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டுக்குப் பதில் இரண்டு. காசிமுக்கு வலிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹக் மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். மைமூன் அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். காசிம் அந்த அடுக்களையைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் அளவெடுத்துக் கட்டித் தருபவர் வீட்டு அடுக்களை, ஏழு வீட்டில் மிஞ்சிய ஏழு தினுசு டைல்ஸ் ஒட்டி, ஒரு ஆள் நிற்கும் அகலத்தில் இருந்தது. ஆனால் ஏழு தினுசும் துடைத்துத் துடைத்து மின்னின.

"ஏளா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

மைமூன் திரும்பாமல், "என்னத்த? டைல்ஸையா?" என்றாள்.

"ஒன்னத்தான்."

"ஆருக்குக் காட்ட?"

"ஆருக்கும் இல்ல. எனக்கு."

அவள் அடுப்பைத் தணித்தாள். "இருங்க" என்றாள். முகம் கழுவினாள். பெருநாளைக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாத்திரங்களைக் கவிழ்த்து வரிசைப்படுத்தினாள், கைத்துணியை மடித்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். பிறகு மேடையில் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

"அந்த ஆபீசுச் சொவத்துல மாட்டியிருந்தானே, அது மாரி குனிஞ்செல்லாம் நிக்கமாட்டேன். நேராத்தான் நிப்பேன்" என்றாள்.

காசிமுக்குப் போனைப் பிடித்திருந்த கை இறங்கிவிட்டது. "ஒனக்கு எப்படி..."

"நாலு நாளு சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சீய. ஆஷிக்கிட்ட கேட்டேன். மறுவாரம் பிள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தருக்குத் தெரியக்கூடாது என்று இன்னொருத்தர் ஒளித்து வைத்திருந்தது ஒரே படத்தைத்தான். காசிமுக்குத் திரையில் எதுவும் தெரியவில்லை. தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனைத் தூக்கினார்.

"எடுங்க, தேத்தண்ணி ஆறுது" என்றாள் மைமூன். நேராகத்தான் நின்றாள்.

எடுத்தார். அந்த நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் அது ஒன்றுதான் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. திரும்ப எடுக்கலாமே என்று மெஹக் சொன்னதற்கு, இதுவே போதும் என்றுவிட்டார்.